டமாஸ்கஸ் கத்தியில் வரி எழவில்லையா? கோளாறைப் பார்த்துக் காரணம் பிடிப்பது

இரண்டு வகை எஃகை வாரக்கணக்கில் அடுக்கி, பற்றவைத்து, அடித்து, இழைத்து, பதம் வைத்த கத்தி. வரியை வெளியே கொண்டுவர, உலோகத்தை அரிக்கும் ஃபெர்ரிக் குளோரைடு கரைசலில் இறக்கிப் பத்து நிமிடம் கழித்துத் தூக்கினால் சாம்பல் நிறத்தில் ஒரு தகரத்துண்டு வெளியே வருகிறது. உடனே கை போவது ஃபெர்ரிக் டப்பாவை நோக்கித்தான். இன்னும் கொஞ்சம் ஊற்றலாமா, இன்னும் அரை மணி ஊறட்டுமா என்று. நானும் அப்படிச் செய்துதான் முதல் இரண்டு கத்திகளைக் கெடுத்தேன். தொட்டியில் கண்ணுக்குத் தெரியும் கோளாறுகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே கத்திக்குள் வந்து உட்கார்ந்தவை: உப்புத்தாளில், கடினப்படுத்த எண்ணெயில் அமிழ்த்தியபோது, உலையில். அதனால் கரைசலைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். அது உண்மையிலேயே குற்றவாளியாக இருக்கும் இடங்களும் உண்டு, வரும்போது சொல்கிறேன்.

நான் பேசுவது பெரும்பாலானவர்கள் தொடங்கும் ஜோடியைப் பற்றி: 1084 என்ற எஃகு ஓர் அடுக்கு, 15என்20 என்ற எஃகு ஓர் அடுக்கு. முன்னதில் கார்பன் சுமார் 0.84%, கொஞ்சம் மாங்கனீசு. பின்னதில் கார்பன் 0.75% அளவு, நிக்கல் 2%. நிக்கல் இருக்கும் அடுக்கு திரவத்துக்கு எளிதில் பிடிகொடுக்காது, வெள்ளியாக நிற்கும். மற்றது அரிபட்டுக் கறுக்கும். கார்பன் வித்தியாசத்தால்தான் வரி வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பற்றவைக்கும் சூட்டில் கார்பன் அடுக்கு விட்டு அடுக்கு நடந்து ஏறக்குறையச் சமமாகிவிடும். வைத்த இடத்தில் நிற்பவை நிக்கலும் மாங்கனீசும்தான்.

கொடுமணல் பக்கம் பேசப்படும் பழைய உருக்கு வேறு சங்கதி. அங்கே வரி, மூசையில் (உலோகம் உருக்கும் மண்குடுவையில்) உருகி ஆறிய கட்டியை அடிக்கும்போது கார்பைடுகள் (கார்பன் சேர்ந்த கடினத் துகள்கள்) வரிசை கட்டுவதால் வருவது. இந்தக் குறிப்பை அதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

கரைசல் அளவு

மின்சுற்றுப் பலகை அரிக்க விற்கும் ஃபெர்ரிக்தான் இது. சென்னையில் ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும். திரவமாக வருவது பொதுவாக 40% அளவில் இருக்கும். அதில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர். பொடியாகவோ கட்டியாகவோ வாங்கினால் நிறத்தைப் பாருங்கள். கருத்துப் பச்சையடித்தால் நீரில்லாத வகை, ஒரு லிட்டர் கரைசலுக்கு 140 கிராம் போதும். மஞ்சள் பழுப்புக் கட்டி என்றால் அதன் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு தண்ணீர்தான், 230 கிராம் வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒருவர் சொன்ன கிராம் கணக்கை இன்னொருவர் போட்டுவிட்டு, வரி வரவில்லை என்று தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எப்போதும் தண்ணீருக்குள் பொடியைப் போட வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக, வெட்டவெளியில். நீரில்லாத வகை சூடாகிக் காட்டமான புகை விடும். கையுறையும் கண்ணாடியும் அவசியம். அலுமினியப் பாத்திரம் பக்கமே கொண்டுபோகாதீர்கள், ஓட்டை போட்டுவிடும். நான் வைத்திருப்பது ஒரு முனை மூடிய பி.வி.சி. குழாய், வாளிக்குள் நிற்கிறது. கத்தி நட்டுக்குத்தலாகத் தொங்கும், திரவமும் குறைவாகச் செலவாகும். மூடிவையுங்கள். திறந்து கிடந்தால் அதன் ஆவியில் பட்டறையிலிருக்கும் அரம், துரப்பண முனை எல்லாம் ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும்.

வரியே தெரியவில்லை, முழுக்க ஒரே சாம்பல்

முதலில் அரத்தை எடுத்து விளிம்பருகே ஓர் இழுப்பு இழுங்கள். கடித்தால், அதாவது அரம் உலோகத்தை வாரினால், கத்தி கடினப்படவே இல்லை. கடினப்படாத எஃகில் வரி மங்கலாகத்தான் வரும், எவ்வளவு நேரம் ஊறப்போட்டாலும். 1084-க்கு சுமார் 815 டிகிரி சூடு வேண்டும். காந்தம் ஒட்டாமல் போவது 770 அருகே. காந்தம் விட்டவுடன் எண்ணெயில் இறக்குகிறவர்கள் அந்தக் கடைசி நாற்பத்தைந்து டிகிரியில் தவறுகிறார்கள். திரும்பச் சூடாக்கி, சூட்டை வேகமாக இழுக்கும் எண்ணெயில் அமிழ்த்தி, 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு முறை பதம் பாருங்கள்.

கத்தியின் வெட்டு விளிம்புப் பக்கம் நல்ல கறுப்பு, முதுகுப்பக்கம் மேகம் மாதிரி வெளுப்பு, நடுவில் ஓர் எல்லைக்கோடு என்றால் அதுவும் இதே கதைதான். முதுகுப் பக்கத்துக்குச் சூடோ எண்ணெயின் வேகமோ போதவில்லை. சமையல் கத்திக்கு அது ஒன்றும் மோசமில்லை. அழகாகவே இருக்கும் என்று விட்டுவிடலாம்.

அரம் வழுக்குகிறதா? அப்படியானால் எஃகு ஜோடியைப் பாருங்கள். லாரி ஸ்பிரிங் பட்டையையும் ஏதோ ஒரு பழைய அரத்தையும் அடுக்கினால் இரண்டிலும் நிக்கல் கிடையாது, இரண்டும் ஒன்றாகக் கறுக்கும். மர அறுவை மில்லின் அகலப் பட்டை ரம்பம் 15என்20 ஆக இருப்பதுண்டு, எல்லா ரம்பமும் அப்படி அல்ல. பற்றவைப்பதற்கு முன்பே ஒரு சிறு துண்டைத் தேய்த்து, ஒரு பேரிங் துண்டோடு சேர்த்து ஐந்து நிமிடம் ஃபெர்ரிக்கில் போட்டுப் பாருங்கள். பேரிங் கறுத்து ரம்பம் பளிச்சென்று நின்றால் வாங்கலாம். இந்த ஐந்து நிமிடத்தைச் சோம்பேறித்தனத்தால் விட்டதில் எனக்கு ஒரு முழுக்கட்டி வீணானது.

கடையில் வாங்கிய ‘டமாஸ்கஸ்’ கத்தியைத் தேய்த்து மறுபடி எட்ச் பண்ணியபோது (திரவத்தில் அரிக்கவிட்டபோது) வரியே வரவில்லையென்றால், அதில் வரி அச்சாக மேலே போட்டது. உள்ளே ஒரே எஃகு. அதற்கு வைத்தியம் இல்லை.

கரைசல் செத்துவிட்டதா என்பதையும் இங்கே பார்த்துவிடலாம். புதுசு கடுங்காப்பி டிகாக்‌ஷன் நிறம். இரும்பைத் தின்னத் தின்ன ஃபெர்ரிக், ஃபெர்ரஸ் ஆகிப் பச்சை தட்டும். வரி தெரியும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு வெட்டுத்துண்டை எப்போதும் கைவசம் வையுங்கள். அதுவும் மங்கலாக வந்தால் கரைசலை மாற்றுங்கள்.

வரி தெரிகிறது, ஆனால் கறுப்பு ஏறவில்லை

சாம்பல், வெளிர் சாம்பல். படம் எடுத்தால் வரி காணாமல் போகிறது. அவசரக்காரர்கள் இங்கே கரைசலைக் காட்டமாக்குவார்கள். அது தலைகீழாக வேலை செய்யும். காட்டமான திரவம் இரண்டு அடுக்கையும் சேர்த்துத் தின்கிறது, நிக்கலும் மங்குகிறது. இளக்கமான திரவத்தில், பல தடவை, இடையிடையே எடுத்துத் துடைத்து என்பதுதான் வழி. வெளிநாட்டுக் குறிப்புகளில் தடவைக்குப் பத்து நிமிடம் என்று இருக்கும். அது குளிர்ந்த அறைக்குச் சொன்னது. நம் மே மாதத்தில் தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கும், நான் ஆறேழு நிமிடத்தில் எடுத்துவிடுவேன். எடுத்துக் கழுவி, மேலே படிந்த கறுப்புக் கசடைப் பழைய பல்துலக்கியாலோ 1500 நம்பர் உப்புத்தாளாலோ லேசாகத் துடைத்து, திரும்ப இறக்குவேன். அந்தக் கசடு கறுப்பாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது உதிரி. நான்கைந்து தடவையில் நகத்தை வைத்து இழுத்தால் மேடு பள்ளம் தட்டுப்பட வேண்டும். பள்ளம் இருந்தால்தான் அடுத்து ஏற்றும் கறுப்பு அங்கே தங்கும்.

அந்தக் கறுப்பைத் தருவது காப்பி. வேடிக்கை இல்லை, இன்ஸ்டன்ட் காப்பித் தூள்தான். ஃபெர்ரிக் வேலை முடிந்து, சுத்தமாகக் கழுவி, அமிலத்தை முறித்த பிறகு, லிட்டருக்கு 100 கிராமுக்குக் குறையாமல் கரைத்து ஆறவைத்த காப்பியில் இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள். காப்பியிலுள்ள மெல்லிய அமிலங்கள் கார்பன் எஃகின் மேல் கறுப்புப் படலம் கட்டும். நிக்கல் அடுக்கைக் கிட்டத்தட்டத் தொடுவதில்லை. சிக்கரி கலந்த தூளாக இருந்தால் அதில் காப்பி அத்தனை குறைவு, அந்த அளவுக்குக் கூட்டிப் போடுங்கள். விலை உயர்ந்த தூள் இதற்கு வேண்டாம், அதை நீங்கள் குடியுங்கள்.

ஜாவாவில் கிரிஸ் குத்துவாளுக்கு ஆர்சனிக்கையும் எலுமிச்சைச் சாற்றையும் சேர்த்துத்தான் கறுப்பு ஏற்றினார்கள். அங்கேயும் வெள்ளையாக நிற்பது நிக்கல் கலந்த இரும்புதான். கணக்கு ஒன்றே. ஆர்சனிக் ஆளைக் கொல்லும் என்பதால் காப்பியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

திட்டுத்திட்டாக வெளுப்பு

வடிவத்தைப் பாருங்கள். கட்டைவிரல் ரேகை, சொட்டு, துடைத்த துணியின் வீச்சு போன்ற வடிவமா? எண்ணெய்ப் பிசுக்கு. ஓரம் மங்கலான, கடலோர வரைபடம் போன்ற வெளுப்பா? அது கார்பன் இழந்த தோல்.

பிசுக்கு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. கத்தியை அசிட்டோனால் துடைத்து, கையுறையோடு பிடித்து, குழாயடியில் காட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் கண்ணாடித் தாள் விரித்ததுபோல் ஒரே படலமாக இறங்க வேண்டும். எங்காவது படலம் கிழிந்து, சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் உருள்வதுபோல் முத்துக்கட்டினால், அந்த இடத்தில்தான் நாளைக்கு வெளுப்பு. திரும்பப் பாத்திரம் துலக்கும் சோப்பால் தேய்த்து, மறுபடி பாருங்கள். படலம் கிழியாமல் இறங்கும்வரை தொட்டியில் இறக்கக் கூடாது. கைப்பிடி ஒட்டும்போது சிந்திய சூப்பர் க்ளூவும் எபாக்சியும் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும்.

கார்பன் இழந்த தோல் என்றால் கழுவிப் பயனில்லை. உலையில் காற்று பட்டு மேல்தோல் கார்பனை விட்டிருக்கிறது. பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டராவது இழைத்து எடுக்க வேண்டும். கடினப்படுத்துவதற்கு முன்பே கத்தியை இறுதி அளவுக்கு மெலிதாக்கிவிட்டவர்களுக்கு இது வயிற்றெரிச்சல்தான், இழைக்க இடம் இருக்காது. இழைக்கும்போது கை பொறுக்காத சூடு வந்தால் நிறுத்தித் தண்ணீரில் முக்குங்கள், பதம் போய்விடும்.

கீறல்கள் பல்லிளிக்கின்றன

உப்புத்தாள் வேலை முடிந்தபோது கண்ணாடி மாதிரி இருந்த கத்தி, எட்ச் ஆனபின் குறுக்கும் நெடுக்குமாகக் கீறலோடு வருகிறது. திரவம் புதிதாகக் கீறவில்லை. 120 தாளின் கீறல் அடியில் இருந்தது, 600 தாளின் மினுமினுப்பு அதை மூடியிருந்தது, அவ்வளவுதான்.

நான் செய்யும் முறை: ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்றுவது. 120 நீளவாக்கில் என்றால் 220 சாய்வாக, 400 எதிர்ச்சாய்வாக. முந்தைய திசையில் ஒரு கோடு தெரிந்தால்கூட அடுத்த தாளுக்குப் போவதில்லை. விளக்கை மேலே வைத்துப் பார்த்தால் கீறல் தெரியாது, கத்திக்குப் பக்கவாட்டில் தாழ்வாக வையுங்கள். கத்தியும் கைப்பிடியும் சேரும் மூலையில்தான் எல்லோரும் மாட்டுவோம், அங்கே பெல்ட்டின் குறுக்குக்கீறல் பதுங்கிக் கிடக்கும். 600 அல்லது 800-இல் நிறுத்திக்கொள்ளலாம், கடைசித் தாள் முழுக்க ஒரே திசையில், பிடியிலிருந்து முனைக்கு. பஃப் சக்கரத்தில் பளபளப்பாக்கிவிட்டு எட்ச் பண்ணாதீர்கள். மெழுகு உள்ளே இறங்கும், கீறலும் மழுங்கி மறைந்து நிற்கும், அப்புறம் திரவத்தில்தான் வெளியே வரும்.

தாளை விரலால் அழுத்தித் தேய்ப்பதும் ஒரு காரணம். விரல் மெத்து மெத்தென்று பள்ளத்துக்குள் இறங்கும். தட்டையான கட்டையோ தடித்த தோலோ பின்னால் இருக்கட்டும்.

சிவப்பாக ஒரு படலம்

செம்பு. வேறெதுவும் இல்லை. மின்சுற்றுப் பலகைக்கு ஒருமுறை பயன்படுத்திய ஃபெர்ரிக்கை வாங்கியிருக்கிறீர்கள், அல்லது அதே டப்பாவில் யாரோ பலகை அரித்திருக்கிறார்கள். அதில் கரைந்திருக்கும் செம்பு, இரும்பைக் கண்டதும் அதன் மேல் வந்து உட்காரும். துடைத்தால் போகும், இறக்கினால் திரும்ப வரும். இந்த இடத்தில் குற்றம் நேரடியாகக் கரைசலுடையது. புதிதாகக் கலந்துகொள்ளுங்கள்.

நீர்மட்டக் கோடு, ஒழுகிய தடம்

கத்தி பாதி மூழ்கியிருந்தால் நீர்மட்டத்தில் ஒரு கோடு விழும், அதை மறைக்க முடியாது. முழுக்க மூழ்கும் ஆழத்துக்குத் தொட்டி வேண்டும். மேலிருந்து கீழ் ஒழுகிய தடம் என்றால் கசடு ஒரே வழியில் வடிந்திருக்கிறது. நிமிடத்துக்கொரு முறை கத்தியை ஆட்டுங்கள், ஒரு தடவை முனை கீழே, அடுத்த தடவை முனை மேலே. தட்டில் படுக்கவைத்து எட்ச் பண்ணாதீர்கள்.

ஒரே ஒரு கறுப்புக் கோடு ஆழமாகிக்கொண்டே போகிறது

இதுதான் வயிற்றைக் கலக்கும் கோளாறு. வரிகளோடு ஒட்டி ஓடும், மற்ற கறுப்பு வரிகளைவிட மெல்லியதாக, ஆனால் கூராக. ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் கொஞ்சம் ஆழமாகும். பற்றாத இடம். அடுக்குகள் அங்கே சேரவில்லை, நடுவில் பற்றவைக்கத் தூவிய வெண்காரமோ, சூட்டில் எழுந்த இரும்புச் செதிளோ சிக்கியிருக்கிறது.

வெறும் பள்ளமா, உள்ளே ஓடும் பிளவா என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி. கத்தியைக் கழுவித் துணியால் நன்கு துடைத்து, ஹேர் டிரையரை ஒரு நிமிடம் காட்டுங்கள். மற்ற இடமெல்லாம் உடனே காய்ந்துவிடும். பிளவாக இருந்தால் அந்தக் கோட்டில் மட்டும் ஈரம் மெல்லக் கசிந்து வரும். துடைத்தால் போகும், திரும்பக் கசியும். உருப்பெருக்கியில் பார்த்தால் கோட்டோரம் துருநிறத்தில் ஒரு மெல்லிய கரை கட்டியிருக்கும். முதன்முறை இதைப் பார்த்தபோது ‘வரியில் இதுவும் ஓர் அழகுதான்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பிடி போட்டேன். மூன்று வாரத்தில் அந்தக் கோட்டிலிருந்து பழுப்பு நீர் வழிந்து பிடிமரத்தையும் கறையாக்கியது. உள்ளே புகுந்த ஃபெர்ரிக் எளிதில் வெளியே வராது.

முதுகுப்பக்கம், மேலோட்டமாக, ஒரு சென்டிமீட்டருக்குள் என்றால் இழைத்துப் பாருங்கள், மறைந்துவிடலாம். வெட்டு விளிம்பை நோக்கி ஓடினாலோ, கத்தியின் மறுபக்கத்திலும் அதே இடத்தில் தெரிந்தாலோ விற்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். வளைத்தால் அங்கேதான் பிரியும். அதனால்தான் இப்போது நான் கட்டியைக் கத்தியாக இழைப்பதற்கு முன்பே, ஓரங்களைத் தேய்த்து ஒருமுறை ஃபெர்ரிக் தடவிப் பார்த்துவிடுகிறேன். மனசு கஷ்டப்படும், ஆனால் நாற்பது மணி நேர வேலை மிச்சம்.

வெள்ளி மின்னவில்லை

கறுப்பு நன்றாக ஏறியும் மேட்டு வரிகள் மங்கலாக இருந்தால், 2000 தாளைக் கண்ணாடித் துண்டிலோ இழைத்த இரும்புத் துண்டிலோ ஒட்டி, சோப்புத் தண்ணீர் விட்டு, நாலே நாலு இழுப்பு. மேடு மட்டும் பளிச்சிடும். ஐந்தாவது இழுப்புக்கு ஆசைப்படுகிறவர்கள் பள்ளத்துக் கறுப்பையும் எடுத்துவிட்டுத் திரும்பக் காப்பிக்குப் போவார்கள்.

விளிம்பு பல்பல்லாக இருக்கிறது

கூராக்கிவிட்டு எட்ச் பண்ணியிருக்கிறீர்கள். மெல்லிய விளிம்பை இரு பக்கமிருந்தும் திரவம் தின்றுவிட்டது. இறக்கும்போது விளிம்பு அரை மில்லிமீட்டர் அளவு தடிமனோடு இருக்கட்டும், கூர் கடைசி வேலை. ஏற்கெனவே பல் விழுந்திருந்தால் கல்லில் தேய்த்து நல்ல உலோகம் வரும்வரை எடுத்துவிட வேண்டியதுதான்.

மறுநாள் காலை மஞ்சள் துரு

அமிலம் முறியவில்லை. தண்ணீரில் கழுவினால் போதும் என்று நினைப்பது பெரிய தப்பு, குளோரைடு துளைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். கடலோர ஈரத்தில் ஒரே இரவு போதும். எடுத்தவுடன் ஓடும் தண்ணீரில் கழுவி, ஆப்ப சோடாவைக் கையளவு எடுத்துப் பசையாகக் குழைத்து நுரை நிற்கும்வரை பூசுங்கள். அப்புறம் ஆப்ப சோடா போட்ட தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரிதான், 200 டிகிரியில் பார்த்த பதத்தை ஒன்றும் செய்யாது. வெளியே எடுத்ததும் சூட்டோடு சூடாக மினரல் ஆயில் தடவி ஓர் இரவு வையுங்கள். தேங்காய் எண்ணெயும் தடவலாம், ஆனால் நாளாக ஆகச் சிக்குப் பிடித்து வாடை வரும்.

சோடா வேலையைக் காப்பிக்கு முன்பே, ஃபெர்ரிக் முடிந்தவுடன் செய்யுங்கள், எண்ணெய் மட்டும் காப்பிக்குப் பிறகு. காப்பிக்குப் பிறகு சோடா போட்டுத் தேய்த்தால் கஷ்டப்பட்டு ஏற்றிய கறுப்பும் கூடவே போகும். அப்போது கழுவி, ஒற்றி எடுத்து, எண்ணெய் போதும்.

பழைய ஃபெர்ரிக்கைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். சுண்ணாம்போ ஆப்ப சோடாவோ கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பொங்குவது நிற்கும்வரை முறித்து, பழுப்புச் சேறு அடியில் தங்கியதும் தெளிவைத் தனியாகவும் சேற்றைத் தனியாகவும் எடுத்து, அபாயகரக் கழிவு வாங்குகிறவர்களிடம் ஒப்படையுங்கள். அதில் நிக்கலும் இருக்கிறது.

எலுமிச்சை வெட்டினால் பழத்தில் கறுப்பு ஒட்டுகிறது

உதிரிக் கறுப்பை முழுக்கத் துடைக்காமல் கொடுத்துவிட்டீர்கள். மெல்லிய துணியில் எண்ணெய் தொட்டு, துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை தேய்த்துவிடுங்கள். அதற்குப் பிறகும் எலுமிச்சை, தக்காளி, மாங்காய் வெட்டிவிட்டுக் கழுவாமல் வைத்தால் அந்தப் புளிப்பு கறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், இடையில் நீலமும் ஊதாவுமாகத் திட்டு விழும். அது கார்பன் எஃகின் குணம், கோளாறு அல்ல என்று வாங்குகிறவரிடம் கொடுக்கும்போதே சொல்லிவிடுவேன். ஆறு மாதம் கழித்து மங்கிப்போய்த் திரும்பக் கொண்டுவந்தால் சோப்பு, அசிட்டோன், குழாயடிச் சோதனை, இரண்டு நிமிட ஃபெர்ரிக், ஆப்ப சோடா, ஓர் இரவு காப்பி. பிடியில் திரவம் படாமலிருக்க மரத்தோடு சேரும் ஓரத்தில் நகப்பூச்சைத் தடிமனாகப் பூசி, காய்ந்த பிறகே இறக்குங்கள்.